மழையின் மேல் பழி

தொடர்கதை எழுதுகிறவனுக்கு ஒரு நிர்ப்பந்தம் உண்டு. நாற்பது வாரம் வாசகரைக் காக்கவைத்துவிட்டு, கடைசி வாரத்தில், "மழை காரணமாகக் கதை முடியவில்லை, கதாநாயகனும் வில்லனும் சரிசமமாக ஜயித்ததாக வைத்துக்கொள்ளவும்" என்று எழுதிவிட முடியாது. எழுதினால் பத்திரிகை ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடிவிடும். கிரிக்கெட் நிர்வாகிகளுக்கு மட்டும் அந்தச் சலுகை எப்படியோ கிடைத்திருக்கிறது.

2002-ஆம் வருஷம் கொழும்பு பிரேமதாஸ மைதானத்தில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தை நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். செப்டம்பர் 29-ந் தேதி இலங்கை 50 ஓவர் ஆடி 244 ரன் எடுத்தது. இந்தியா இரண்டே ஓவர் ஆடி 14 ரன் சேர்த்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருந்தால் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். ஆனால் விதி என்ன சொல்லிற்று தெரியுமா? முதலிலிருந்து புதிதாக ஆட வேண்டுமாம்! ஆகவே இலங்கை மறுபடியும் 50 ஓவர் ஆடி 222 ரன் எடுத்தது. இந்தியா மறுபடியும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, 8.4 ஓவரில் ஒரு விக்கெட்டை இழந்து 38 ரன் எடுத்திருந்தபோது மறுபடியும் மழை. இரண்டு நாளில் 110 ஓவருக்கு மேல் பந்து வீசியாயிற்று. முடிவு மட்டும் இல்லை. கங்குலியின் கோஷ்டியும் ஜயசூரியாவின் கோஷ்டியும் கோப்பையைப் பங்கிட்டுக்கொண்டன. முதல் பாகத்தை இரண்டு தடவை அச்சடித்து, இரண்டாம் பாகத்தை அச்சுக்கே அனுப்பாமல் பைண்டு செய்த நாவல் மாதிரி இருந்தது அது.

இதற்கு மழையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்குச் சம்மதமில்லை. அந்தப் போட்டி முதலில் இந்தியாவில் நடப்பதாக இருந்தது. இங்கே வரிவிலக்குக் கிடைக்கவில்லை என்பதனால் இலங்கைக்குப் போயிற்று. இடத்தைத் தீர்மானித்தது வரிக் கணக்கு. 'முதலிலிருந்து ஆடு' என்ற விதியை எழுதியதும் மனிதர்கள்தான். மழை பாவம், தான் வழக்கமாக வருகிற ஊருக்கு வந்தது.

நம் சென்னைக்காரர்கள் ஒரு காலத்தில் இந்த விஷயத்தில் விவரமாக இருந்தார்கள். சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்றால் பொங்கல் டெஸ்ட்தான். 1967, 1975, 1988 - எல்லாம் பொங்கலை ஒட்டிய நாட்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும்; கரும்பைக் கடித்துக்கொண்டே ஆட்டம் பார்க்கலாம். அதே சேப்பாக்கத்தில் 2004-ஆம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி ஆஸ்திரேலியாவுடன் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். கும்ப்ளே 13 விக்கெட் எடுத்தார். சேவாக் 155 அடித்தார். நாலாம் நாள் மாலை, ஜயிக்க வேண்டிய 229-ல் விக்கெட் இழக்காமல் 19 எடுத்தாயிற்று. ஐந்தாம் நாள் ஒரு பந்துகூட வீச முடியவில்லை. ஐப்பசியில் அடைமழை என்பது பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரியும். அட்டவணை போட்டவர்களுக்கு மட்டும் யாராவது பஞ்சாங்கம் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்!

காஞ்சிபுரத்தை ஒட்டிய இந்தத் திருப்பருத்திக்குன்றம் பக்கத்து நெசவாளர்களிடம் கேட்டால் சொல்வார்கள். பாவை நீளமாக விரித்துப் பிடிக்கத் தெரு வேண்டும். தெருவுக்கு நல்ல வானம் வேண்டும். மழை மாதங்களில் மேலே பார்க்காமல் ஒருவரும் பட்டை வெளியே எடுப்பதில்லை. தறிக்குழியில் ஈரம் ஏறினாலும் வேலை நிற்கும். ஆகையால் கல்யாணப் புடவைக்கு நாள் சொல்லும்போதே மழைக்கென்று நாலு நாள் கூட்டித்தான் சொல்கிறார்கள்.

கிரிக்கெட்டில் இதற்கு 'ரிசர்வ் நாள்' என்று பெயர். ஒழுங்காக வைத்துக்கொண்ட இடத்தில் அது காப்பாற்றியும் இருக்கிறது. 2021-ல் முதல் உலக டெஸ்ட் சாம்பியன் ஆட்டம் லார்ட்ஸிலிருந்து சவுத்தாம்ப்டனுக்கு மாறியது. கொரோனாக் காலத்தில் மைதானத்திலேயே ஹோட்டல் இருந்தது ஒரு காரணம். இரண்டு முழு நாட்களை மழை தின்றுவிட்டது. ஆறாவது நாள் இருந்ததனால் நியூஸிலாந்து ஜயித்தது. தோற்றது நாம்தான், ஆனாலும் கதை முடிந்ததல்லவா?

2023 ஐ.பி.எல். இறுதி ஆட்டமும் அப்படியே. அகமதாபாத்தில் மே 28 முழுதும் போயிற்று. மறுநாள் சென்னைக்கு எதிராக குஜராத் 214 ரன் குவித்தது. அதில் நம் சென்னைப் பையன் சாய் சுதர்சன் எடுத்தது 96. சென்னை மூன்று பந்து ஆடியதும் மறுபடி மழை. இலக்கு 15 ஓவரில் 171 ஆகச் சுருங்கிற்று. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி! அப்போது மணி நடுநிசி தாண்டி ஒன்றரை. இப்படி ஒரு முடிவை நான் எழுதினால் 'நம்பும்படி இல்லை' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

வானத்தை யாரால் கட்டிப்போட முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. முடியாதுதான். நான் கேட்பது வேறு. 2025-ல் கல்கத்தாவில் நடக்க வேண்டிய ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தை, இடையில் போட்டி நின்று தேதிகள் தள்ளிப்போனபின், ஜூன் 3-ந் தேதிக்கு அகமதாபாத்துக்கு மாற்றினார்கள். வானிலையையும் மற்ற அம்சங்களையும் யோசித்து என்றார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் அதே அகமதாபாத்தில் அரையிறுதி போன்ற ஆட்டம் ஒன்று மழையினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதப்பட்டது. இறுதி நாளில் மழை பெரிய மனசு பண்ணி ஒதுங்கிக்கொண்டது. பெங்களூர் பஞ்சாபை 6 ரன்னில் வென்றது. எல்லாம் சுபம். ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்காரக்கூடிய மைதானம் என்பது அந்த 'மற்ற அம்சங்க'ளில் சேர்ந்ததா இல்லையா என்பதை மட்டும் கல்கத்தா ரசிகர்களுக்கு யாராவது விளக்கிச் சொல்லியிருக்கலாம்.