‘இசட்’டுக்கு முன் நிற்கும் உயிர்

ஆங்கிலம் பேசப் பழகும் தமிழருக்குப் பெரும்பாலும் திருத்தப்படும் மெய்யொலிகளில் ஒன்று ‘இசட்’ எழுத்துக்குரிய ஒலி. திருத்தும் முறையும் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டச் சொல்வார்கள். மூச்சை விடாமல் அதையே வண்டின் ரீங்காரமாக மாற்றச் சொல்வார்கள். விரல் நுனியில் அதிர்வு தெரிந்தால் ஒலி வாய்த்துவிட்டது என்று பொருள். அடுத்து, தமிழில் நாம் ஜூ, ஜீரோ, ஜிப் என்றெல்லாம் எழுதிவரும் சொற்களை அந்த அதிர்வோடு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கடைசியில் ‘சிப்’, ‘ஜிப்’ போல ஓரொலி மட்டுமே மாறும் சொல் இணைகள் வரும். இந்தப் பயிற்சி ஒலியைப் பிறப்பிக்கக் கற்றுத்தருவதில் சிறந்தது. ஆனால் ஆங்கிலத்தில் அந்த ஒலி எங்கே இருக்கிறது, எதைக் கொண்டு அதைக் கேட்பவர் அடையாளம் காண்கிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதனிடம் விடை இல்லை. அதனால் நல்ல உழைப்பு பலன் குறைந்த இடத்தில் செலவாகிறது.

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். கற்பவர் ஆசிரியர் துணையின்றித் தானே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஆங்கில ஒலிகள் அதிகம் இல்லை. நாக்கு எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் குரல்நாண் அதிர்வது விரலுக்குத் தெரியும். மேலும் இந்த ஒலிக்காக நாக்கு புதிய இடம் எதையும் பழக வேண்டியதில்லை. ‘பசி’, ‘இசை’ என்ற சொற்களில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் சகரத்தைப் பெரும்பாலான தமிழர் உரசொலியாகவே சொல்கிறார்கள். நாக்கு அந்த நிலையிலேயே இருக்க, குரலை மட்டும் சேர்த்தால் போதும். நீட்டிப் பார்க்கும் பழக்கத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஜகரத்தைச் சொல்லும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டி மூச்சை அடைத்துப் பிறகு விடுகிறது. ஆகவே அதை நீட்ட முடியாது. ‘இசட்’ ஒலியையோ மூச்சு தீரும்வரை நீட்டலாம். ஜகரமும் இதுவும் வேறு என்பதை விளக்கம் எதுவும் இல்லாமல் கற்பவரின் வாயே அவருக்குச் சொல்லிவிடுகிறது. இவ்வளவு எளிய, செலவில்லாத ஒரு சோதனையைக் கைவிடச் சொல்வது சரியாகாது.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தமிழ் பேசுவோர் இந்த ஒலியை எப்படி மாற்றிச் சொல்கிறார்கள் என்று கூர்ந்து கேட்டால் ஒரு விந்தை தெரியும். ஜூ, ஜீரோ, ஜிப் ஆகியவற்றில் ஜகரம் வருகிறது. ஈஸி, பிஸி, மியூசிக், கஸின் ஆகியவற்றில் ஸகரமோ சகரமோ வருகிறது. ஆங்கிலத்தில் இந்த ஏழு சொற்களிலும் இருப்பது ஒரே ஒலி. ஒரே ஒலி நாவுக்கு அரிதாக இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே விதமாகத்தானே வழுக்க வேண்டும்? மாற்றத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எழுத்துக்கூட்டு. ‘இசட்’ எழுத்தைக் கண்டால், குறிப்பாகச் சொல்லின் தொடக்கத்தில், ஜகரம். ‘எஸ்’ எழுத்தைக் கண்டால் ஸகரம். இந்த இரட்டை வழி பழையதும்கூட. பாரசீகத்திலிருந்து வந்த சொற்களில் ‘ஜமீன்’, ‘பஜார்’ ஜகரம் பெற்றன. அதே மொழியிலிருந்து வந்த ‘தராசு’ சகரம் பெற்றது. போர்த்துக்கீசியம் தந்த ‘மேசை’யும் சகரமே பெற்றது. மூலத்தில் நான்கிலும் இருந்தது குரலுடைய உரசொலி. இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்கும் பழக்கத்தில் ஒரு பாதியை, அதாவது ஜகரமாக மாறும் பாதியை மட்டுமே வழக்கமான பயிற்சி தொடுகிறது. ‘ஈஸி’யையும் ‘மியூசிக்’கையும் தவறாகச் சொல்வதாக அந்த வகுப்பில் யாருக்கும் தோன்றுவதே இல்லை.

தொடப்படாத பாதிதான் பெரிது. ஆங்கிலத்தில் ‘இசட்’ எழுத்தில் தொடங்கும் சொற்கள் மிகக் குறைவு. அகராதியின் கடைசி சில பக்கங்களைப் புரட்டினாலே தெரியும். அந்த ஒலியோ மிகப் பரவலானது. இஸ், வாஸ், ஹேஸ், ஹிஸ், திஸ் என்பதன் பன்மையான தீஸ், பிகாஸ் என்று அன்றாடம் மூச்சுக்கு மூச்சு வரும் சிறு சொற்களின் கடைசியில் அது நிற்கிறது. பன்மை விகுதியிலும், நிகழ்கால வினையின் விகுதியிலும் நிற்கிறது. ‘கேட்ஸ்’ என்பதில் விகுதி வெறும் ஸகரம். ‘டாக்ஸ்’ என்பதில் அதே விகுதி குரல் பெறுகிறது. எழுத்து மட்டும் இரண்டிலும் ‘எஸ்’. இதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இது தனி ஒலியாகவே இல்லை. ஸகரம் உயிர்களுக்கும் குரலுடைய ஒலிகளுக்கும் நடுவே வரும்போது தானாகக் குரல் பெற்றது, அவ்வளவே. நம் ‘அகம்’, ‘படம்’ ஆகியவற்றில் நடுவே வரும் வல்லினம் தனி எழுத்தில்லாமலேயே மென்மைப்படுவதைப் போன்ற ஏற்பாடு அது. பின்னர் பிரெஞ்சு, கிரேக்கச் சொற்கள் வந்த பிறகுதான் சொல்லின் தொடக்கத்தில் ‘இசட்’ ஒலி இடம்பிடித்தது. ஆக, மொழியின் அடியாழத்தில் இருப்பது ‘எஸ்’ எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒலி. பயிற்சி எடுத்துக்கொள்வதோ பின்னால் வந்து வாசலில் நிற்கும் சில சொற்களை. ‘ஜீரோ’ என்று சொன்னால் எந்த ஊர்க்காரருக்கும் புரியும். அதைத் திருத்தச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியாவது ‘வாஸ்’ பக்கம் போயிருக்க வேண்டும்.

அப்படியானால் சொல்லிறுதியிலும் தொண்டையில் விரல் வைத்துப் பழகினால் போதாதா என்று கேட்கலாம். போதாது; இந்த முறையின் ஆழமான குறை இங்கேதான் இருக்கிறது. பேச்சு நிற்கும் இடத்தில் வரும் ‘இசட்’ ஒலியை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரே முழுக் குரலோடு சொல்வதில்லை. தொடக்கத்தில் சிறிது அதிர்ந்து, பிறகு குரல் அடங்கி, கிட்டத்தட்ட ஸகரமாகவே முடிகிறது. அப்படியும் கேட்பவர் ‘அமைதி’ என்ற பொருளுள்ள ‘பீஸ்’ எது, ‘பட்டாணிகள்’ என்ற பொருளுள்ள ‘பீஸ்’ எது என்று பிரித்தறிகிறார். பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் முன்னால் நிற்கும் உயிரின் நீளம். பட்டாணியில் ஈகாரம் நீள்கிறது. அமைதியில் அது சட்டென்று முடிந்து ஸகரம் நீள்கிறது. லண்டனில் பீட்டர் டெனிஸ் 1955இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பெயராகவும் வினையாகவும் வரும் ‘யூஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, உயிரின் நீளத்தையும் இறுதி மெய்யின் நீளத்தையும் மாற்றினார். குரலில்லாத ஸகரத்தையே கேட்டவர்கள் குரலுடையதாகக் கேட்டார்கள். அமெரிக்க ஆங்கிலத்தை அளந்த பீட்டர்சன், லெஹிஸ்டே ஆகியோரின் 1960ஆம் ஆண்டு ஆய்வு, குரலில்லா மெய்க்கு முன் வரும் உயிருக்கும் குரலுள்ள மெய்க்கு முன் வரும் உயிருக்கும் உள்ள நீள விகிதம் ஏறக்குறைய 2:3 என்று கண்டது. கேட்பவரின் செவி உயிரில் தேடும் அடையாளத்தைக் கற்பவரின் விரல் தொண்டையில் தேடிக்கொண்டிருக்கிறது. விளைவு இன்னும் மோசமாகலாம். இறுதியில் அதிர்வை வரவழைத்தே தீருவது என்று அழுத்தும்போது தமிழ் நாக்கு தனக்குத் தெரிந்த வழியில் குரலை நீட்டுகிறது: கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது. ‘ரைஸ்’, ‘ரைஸு’ ஆகிறது. மெய்யில் முடியும் இரவல் சொற்களுக்கு உகரம் சேர்ப்பது நம் பேச்சின் இயல்பு என்பதால், பயிற்சியே அந்தப் பழக்கத்தை ஊக்கிவிடுகிறது.

தமிழ் மட்டும் அறிந்தவருக்கு இந்த நீள வேறுபாட்டைக் கற்பிப்பது கடினம் என்று நினைக்க வேண்டியதில்லை. உயிரின் அளவை மாத்திரை கொண்டு எண்ணிய இலக்கண மரபு நம்முடையது. குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பது பள்ளிக்குப் போகாத குழந்தைக்கும் செவியில் தெரியும். அதைவிட நெருக்கமான ஒன்றும் உண்டு: ஐகாரக் குறுக்கம். ஐகாரம் தனித்து ஒலிக்கும்போது இரண்டு மாத்திரை; சொல்லுக்குள் வரும்போது அந்த அளவிலிருந்து குறைகிறது. எழுத்து மாறவில்லை, ஒலியின் வகையும் மாறவில்லை, சூழல் மட்டும் அதன் அளவைக் குறைக்கிறது என்று நன்னூல் வரையறுத்திருப்பதை பள்ளி மாணவரும் படிக்கிறார். அரிசியைக் குறிக்கும் ‘ரைஸ்’, எழுவதைக் குறிக்கும் ‘ரைஸ்’ இரண்டிலும் நடப்பது இதற்கு மிக நெருங்கியது: அரிசியில் ஐகாரம் குறுகுகிறது, எழுதலில் முழு அளவு பெறுகிறது. விலையும் பரிசுமான இரண்டு ‘பிரைஸ்’களும், பனிக்கட்டியும் கண்களுமான இரண்டு ‘ஐஸ்’களும் இப்படித்தான். தமிழ் எழுத்தில் ஒரே வடிவம் பெறும் இந்த இணைகளை வைத்தே பயிற்சியைத் தொடங்கலாம். ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. குறுகுதல் என்றதும் நெடிலைக் குறிலாக்கிவிடக் கூடாது. ‘பீஸ்’ குறுகினாலும் ‘பிஸ்’ ஆகாது. அந்த ஈகாரத்தின் தன்மை அப்படியே நிற்க, அளவு மட்டும் குறைய வேண்டும். குறுக்கம் என்ற கருத்து குறில் என்ற கருத்திலிருந்து வேறானது என்பதால்தான் இங்கே பயன்படுகிறது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, இடம் பொருள் பார்த்துக் கேட்பவர் புரிந்துகொள்ள மாட்டாரா என்ற ஆட்சேபணை வலுவானது. உண்மையில் சோற்றைப் பற்றிப் பேசும்போது யாரும் சூரியன் எழுவதாக எண்ணிக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஒரு சொல் தடுமாறினால் சூழல் காப்பாற்றும். ஆனால் வெளியூர்க்காரரின் செவிக்கு நம் ஆங்கிலத்தில் தடுமாறுவது ஒரு சொல் மட்டுமல்ல. சொல்லழுத்தம், உயிரின் தன்மை, வேகம் எல்லாம் சேர்ந்து சூழலின் மீதே சுமையை ஏற்றுகின்றன. ஹைதராபாத்தில் இருந்த மத்திய ஆங்கில நிறுவனம் 1969இல் வெளியிட்ட ஆர்.கே. பன்சாலின் ஆய்வு, இந்திய ஆங்கிலம் புரியாமல் போவதற்குச் சொல்லழுத்தம் பெரிய காரணம் என்று காட்டியது. அதை ஏற்றால், தனி மெய்யொலிகளுக்கு நாம் தரும் முக்கியத்துவம் குறைய வேண்டும் என்பதும் நியாயமே. அதை மறுக்கும் நோக்கம் இல்லை. உயிரின் அளவைப் பழகுவதோ ஒரு மெய்யோடு நின்றுவிடுவதில்லை. ‘பேக்’ என்ற முதுகும் ‘பேக்’ என்ற பையும், ‘சீட்’ என்ற இருக்கையும் ‘சீட்’ என்ற விதையும் அதே விதிக்குள் வந்துவிடுகின்றன. ஒரு பழக்கத்துக்குப் பல பலன் கிடைக்கும்போது அதற்குச் செலவிடும் நேரம் வீணாகாது.

நம் ஆங்கிலம் நம்முடையது, இங்கிலாந்துக்காரரைப் போல ஒலிக்க வேண்டிய கட்டாயம் என்ன என்போரும் உண்டு. இந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு அதிகம். உச்சரிப்பை வைத்து ஒருவரின் அறிவையோ பிறப்பையோ எடைபோடும் பழக்கம் நம்மிடையே ஏற்படுத்திய காயம் சிறிதல்ல. அதை ஆறவிடாத எந்தப் பயிற்சியும் நல்ல பயிற்சியாகாது. ஆனால் தாய்மொழிக்காரரை நகல் எடுப்பதை இலக்காகக் கொள்ளாதவர்களே இந்தக் கேள்வியை ஆராய்ந்திருக்கிறார்கள். வெவ்வேறு தாய்மொழி கொண்டவர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசும்போது எது புரிதலைக் குலைக்கிறது என்று பார்த்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000இல் வெளியிட்ட நூலில் பல ஒலிகளை விட்டுவிடலாம் என்றார். நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துப் பழகும் ‘த’ போன்ற ஒலிகளும் விடத்தக்கவை என்பது அவர் கருத்து. விடக்கூடாதவை என்று அவர் வைத்துக்கொண்டவற்றில் குரலில்லா மெய்க்கு முன் உயிர் குறுகுவதும் ஒன்று. ஒரு கொரியரும் ஒரு தமிழரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் இடத்திலும் அந்தக் குறுக்கம் தேவைப்படுகிறது.

செவியைப் பழக்காமல் வாயை மட்டும் பழக்குவதும் ஒரு குறைதான். ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் ரகரமும் லகரமும் ஒன்றாகக் கேட்கும். இந்தியானா பல்கலைக்கழகத்தின் லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் 1991இல், பலர் குரலில் பதிந்த சொற்களைக் கேட்கவைத்து, சரியா தவறா என்று உடனுக்குடன் சொல்லிப் பழக்கியபோது அவர்களின் செவி தேறியது. ஒரே ஒருவர் குரலில் பழகியவர்களுக்கு அந்தத் தேர்ச்சி புதியவர் குரலுக்குச் செல்லவில்லை என்பது 1993இல் தெரிந்தது. பிராட்லோவும் மற்றவர்களும் 1997இல் காட்டியது இன்னும் வியப்பானது: கேட்கும் பயிற்சி மட்டும் பெற்றவர்களின் உச்சரிப்பும் மேம்பட்டிருந்தது. இவை ரகர லகரத்துக்கான முடிவுகள். ‘இசட்’டுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. ஆனாலும் ஒரே ஆசிரியரின் ஒரே குரலைத் திருப்பிச் சொல்லும் நம் வகுப்பு, அந்த ஆய்வுகள் பலவீனமானது என்று கண்ட வழியிலேயே நடக்கிறது. ஆசிரியருக்கே அந்த ஒலி வராதபோது என்ன செய்வது என்ற கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. கைப்பேசியில் பலருடைய குரலில் இரண்டு ‘பிரைஸ்’களையும் கலந்து ஒலிக்கவைத்து, விலையா பரிசா என்று மாணவர் சொல்லட்டும், விடை சரியா என்று பார்க்க ஆசிரியருக்கு அந்த ஒலி வர வேண்டியதில்லை.

விரல் சோதனையை முழுமையாகப் பயன்படுத்தவும் ஓர் இடம் உண்டு. இறுதி ‘இசட்’டை அடுத்து உயிர் வந்தால் அது குரல் அடங்காமல் முழுமையாக அதிர்கிறது. ‘இஸ் இட்’, ‘வாஸ் இட்’, ‘ஆஸ் எ’ என்று தொடர்களாகச் சொல்லும்போது அந்த மெய் அடுத்த உயிரின் மீது ஏறிக்கொள்கிறது. மெய்யீற்றின் மேல் உயிர் வந்து ஒன்றும் புணர்ச்சி தமிழருக்குப் புதிதல்ல. உயிர் தொடர்ந்து வருவதால் உகரம் ஒட்டவும் இடமில்லை. இப்படிப் பழகுவோர் மறுபக்கத்துக்குச் சாயும் ஆபத்து மட்டும் இருக்கிறது: ‘பஸ்’, ‘திஸ்’, ‘கேஸ்’ எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்துவிடுவார்கள். அதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. கதவை மூடு என்னும் ‘க்ளோஸ்’, கதவுக்கு அருகில் என்னும் ‘க்ளோஸ்’ இரண்டையும் ஒரே பத்தியில் வைத்து வாசிக்கச் சொன்னால், எங்கே குரல் வேண்டும், எங்கே கூடாது என்று ஒவ்வொரு முறையும் மாணவரே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.