காஸி: படம் காட்டாமல் விட்ட பயம்

'காஸி' படத்தைப் போன வாரம் மறுபடியும் பார்த்தேன். 2017 பிப்ரவரியில் வந்தது, இயக்கம் சங்கல்ப் ரெட்டி. நீர்மூழ்கி செட், சத்தம், மூச்சுமுட்டும் இடுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கு. எனக்கு இடிக்கிறது கதை. கடலுக்கடியில் ரெண்டு நீர்மூழ்கிகள் நேருக்கு நேர் மோதி, நம்மாட்கள் ஜெயிக்கிறார்கள். நிஜத்தில் அப்படியொரு மோதல் நடக்கவில்லை. 1971 டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி மூழ்கியது. ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய குண்டுகளால் என்கிறது நம் கடற்படை. உள்ளேயே நடந்த விபத்து என்கிறது பாகிஸ்தான். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகல.

மூழ்குவதற்கு முன்னால் அது என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். காஸி 1944-ல் கடலில் இறக்கப்பட்ட அமெரிக்கப் படகு. 1964-ல் பாகிஸ்தான் குத்தகைக்கு வாங்கியது. நம்மிடம் முதல் நீர்மூழ்கி வந்ததே 1967-ல்தான். அந்த செகண்ட் ஹேண்ட் படகுக்காக, நம்முடைய ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை அந்தமான் பக்கம் கொண்டுபோய் மறைத்து வைக்க வேண்டியிருந்தது. விக்ராந்த் விசாகப்பட்டினத்தில் இருப்பதுபோல ராஜ்புத்தை வைத்துப் பொய் ரேடியோ செய்திகள் அனுப்பினார்கள். ஒரு டோர்பிடோகூட விடாமல் காஸி சாதித்தது இது. பயம் வீணுமில்லை. டிசம்பர் 9-ல் அரபிக்கடலில் பாகிஸ்தானின் இன்னொரு நீர்மூழ்கி ஹாங்கோர், நம் குக்ரி கப்பலை மூழ்கடித்தது. 194 பேர் செத்தார்கள்.

படத்துக்கு இதெல்லாம் வெறும் பின்னணி. வில்லன் சாகணும், அவ்வளவுதான்.

படம் வந்து ஒரு மாசம்கூட ஆகல, மார்ச் 12-ல் வங்கதேசம் தன் முதல் ரெண்டு நீர்மூழ்கிகளைக் கடற்படையில் சேர்த்தது. நபஜாத்ரா, ஜாய்ஜாத்ரா. சீனா ஓட்டிப் பழசாக்கிய மிங் வகை, ரெண்டும் சேர்ந்து சுமார் 20 கோடி டாலர். எங்க திருப்பூரில் வங்கதேசம்னா பனியன் ஆர்டரைக் கம்மி ரேட்டுக்குத் தூக்கிட்டுப் போற ஊர். டீக்கடையில் "காயலான் கடைச் சரக்கு" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காஸியைப் பார்த்துக் கைதட்டிய அதே ஆட்கள்தான் நாங்கள்.

டெல்லி சிரித்த மாதிரி தெரியல. 2020-ல் நம் சிந்துவீரை மியான்மாருக்குக் கொடுத்தோம். அதுவும் 1980களின் படகுதான். அடுத்த வருஷமே சீனாவும் அதே மியான்மாருக்கு ஒரு மிங்கைக் கொடுத்தது.