ஆய்விதழின் நோக்கமும் எல்லையும்

தமிழ்த்துறைகளிலிருந்து வெளிவரும் ஆய்விதழ்கள் பலவற்றின் முதற்பக்கத்தே 'நோக்கமும் எல்லையும்' என்னும் தலைப்பிற் சில வரிகள் காணப்பெறும். இலக்கியம், இலக்கணம், மொழியியல், நாட்டுப்புறவியல், கல்வெட்டு, மெய்யியல் எனத் துறைகளை அடுக்கி, 'பிறவும்' என்று முடியும் அவ்வரிகளைக் கருதிப் படிப்பார் மிகச் சிலர். எழுதுவாரும் அவற்றை ஒரு சடங்காகவே எழுதிவிடுகின்றனர். ஆயின், ஓர் இதழின் தகுதியும் தகுதியின்மையும் அவ்வரிகளிலேயே தொடங்குகின்றன என்பது எம் கருத்து. அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

ஆய்விதழ் எற்றுக்கு? முடிந்த முடிபுகளை வெளியிடுதற்கு என்பர் பலர். அவ்விடை பொருந்துமா என்பதனைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளின் வரலாறு கொண்டு காணலாம். மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளம் குகைக் கல்வெட்டுகளை இராபர்ட் சிவெல் 1882-இல் கண்டறிந்தார். அவற்றின் மொழி யாது என்பதே நெடுங்காலம் தெளிவுறவில்லை. 1924-இல் சென்னையிற் கூடிய மூன்றாம் அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர், இத்தகைய குகைக் கல்வெட்டுகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகள் அவற்றில் வருதலைச் சுட்டி, அவற்றின் மொழி தமிழே என்று அவர் காட்டினார். அக்கட்டுரை மாநாட்டுத் தொகுதியில் அச்சேறியது.

அவர்தம் வாசிப்புகள் அனைத்தும் நிலைத்தனவா எனின், இல்லை. பல பின்னர்த் திருத்தம் பெற்றன. அசோகர் பிராமியில் வெற்றெழுத்து அகரமேறிய உயிர்மெய்யாகும். பக்கக்கோடு ஆகாரத்தைக் காட்டும். தொன்மையான தமிழ்ப் பிராமியிலோ வெற்றெழுத்து மெய்யாகவே நிற்பதும், பக்கக்கோடு அகரத்தையும் குறிப்பதும் உண்டு. ஆதலின் வடபுல முறையிற் படிப்பார்க்கு 'மாகான' என்று தோன்றுவது, உண்மையில் 'மகன்' என்பதாகும். இத்தகைய இடர்களைக் கடந்து 1965-இல் ஐராவதம் மகாதேவன் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரைக் கண்டார். புகழூர்க் கல்வெட்டிற் சேர மரபினர் மூன்று தலைமுறையாரையும் இனங்கண்டார். அவர்தம் ஆய்வுகள் முழுமையாகத் திரண்ட பெருநூல் 2003-இல் வெளிவந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? 1924-இன் கட்டுரை முடிந்த முடிபு அன்று. எனினும் அது வீணாகவில்லை. எவ்வெழுத்தை எவ்வாறு கொண்டார், எதனால் அவ்வாறு கொண்டார் என்பன அச்சில் நின்றமையின், பின்வந்தார் தாம் வேறுபடும் இடத்தையும் அதன் காரணத்தையும் காட்ட இயன்றது. 'மொழி தமிழே' என்னும் முடிபு மட்டும் அச்சேறியிருப்பின் அதனைப் போற்றியிருக்கலாம், அன்றித் தூற்றியிருக்கலாம், திருத்தியிருத்தல் இயலாது. ஆதலின், மறுத்தற்கு இடந்தரும் வகையிற் சான்றுகளை நிலைபெறச் செய்தலே ஆய்விதழின் தலையாய நோக்கம் என்க. அத்தொகுதி மாநாட்டினதே ஆயினும், நெறி இதழுக்கும் ஒன்றே.

நோக்கம் இதுவாயின் எல்லை தானே பெறப்படும். ஒரு கட்டுரையின் சான்றுகளைச் சரிபார்க்க வல்லார் எத்துறையில் உளரோ அத்துறையே அவ்விதழின் எல்லை. ஓலைச்சுவடியைப் படிக்கவல்லார் ஒருவரும் இல்லாத குழு சுவடிப் பதிப்பாய்வை ஏற்குமாயின், அதனை மதிப்பிடவில்லை, அச்சிடுகின்றது, அவ்வளவே.

பழைய இதழ்களும் பல துறைகளைத் தழுவினவே என்று சிலர் வினவலாம். மதுரைத் தமிழ்ச் சங்கத்துச் 'செந்தமிழ்' பலதிறக் கட்டுரைகளை ஏற்றது உண்மை. ஆயின் அதன் ஆசிரியராய் அமர்ந்த இரா. இராகவையங்காரும் மு. இராகவையங்காரும் தம் புலமையால் அப்பரப்பைத் தாங்கினர். அதன் அகலம் ஆசிரியர்தம் கல்வியின் அகலம். இக்காலத்துப் 'பிறவும்' என்பதன் அகலமோ, கட்டுரை வரத்தின் அகலம். இரண்டும் ஒன்றல்ல.

அவ்வரத்தின் காரணமும் அறியத்தக்கது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிகள், முனைவர்ப் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் ஒரு கட்டுரையேனும் இதழில் வெளிவந்திருத்தல் வேண்டும் என்றன. 2022-ஆம் ஆண்டு விதிகளில் அக்கட்டாயம் நீங்கியது. இதழ்களைத் தெரிந்து காட்டுதற்கென 2019-இல் வந்த 'கேர்' பட்டியலும் 2025-இற் கைவிடப்பட்டது. பட்டியல் இருந்த காலத்து, 'இடம்பெற்றதா' என்னும் வினாவே 'தகுதியுடைத்தா' என்னும் வினாவை விழுங்கியது. இன்று அந்த ஊன்றுகோல் இல்லை. எது ஆய்விதழ் என்று கூறும் பொறுப்பு மீளவும் துறைகளிடமே வந்துற்றது. இதனை இழப்பாகக் கருதுவாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை.

எல்லையைச் சுருக்கின் இளைஞர்க்கு வாயில் அடைபடும் என்பர். கட்டுரை எழுதும் மாணவர்க்கு வேண்டுவது அச்சு மட்டுமன்று. தம் எழுத்தை ஊன்றிப் படித்து, பிழை இஃது என்று கூறும் ஒருவர். அத்தகையார் இல்லாத இதழில் வெளிவரும் கட்டுரை அம்மாணவர்க்கு ஒரு சான்றிதழைத் தரும். ஒரு திருத்தத்தையும் தாராது. அடைபட்ட வாயிலினும், உள்ளே ஒருவரும் இல்லாத வீட்டின் திறந்த வாயில் கொடிது.

ஆதலின் 'நோக்கமும் எல்லையும்' எழுதுவார் மூன்றனைத் தெளிவுற எழுதுதல் நன்று. யாம் எவற்றை மதிப்பிட வல்லேம் என்பது ஒன்று. பயன்கொண்ட பதிப்பு, சுவடி எண், கல்வெட்டின் படம், களப்பணி நிகழ்ந்த ஊர் என எவ்வகைச் சான்றினைக் கட்டாயமாக வேண்டுவேம் என்பது மற்றொன்று. வெளியிட்ட கட்டுரைக்கு மறுப்பு வரின் அதனை எவ்வாறு ஏற்றுப் பதிப்பிப்பேம் என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் இறுதியது பெரும்பாலும் காணப்பெறுவதில்லை. மறுப்பே வெளிவாராத இதழில் பிழையே இல்லை என்று கொள்ளற்க; படிப்பார் இல்லை என்றே கொள்க.

எம் இதழின் முதற்பக்கத்திலும் 'பிறவும்' என்னும் சொல் உண்டு. பிறரைக் கடிதற்கு முன் அச்சொல்லை நீக்குதலே எம் முதற்கடன்.