மீனுக்கு ஒரு பெயர் போதுமா?

ஹவாய்த் தீவுகளின் மீன்களைப் பற்றிய கையேடுகளில் படத்துக்குக் கீழே பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும்: ஆங்கிலப் பெயர், அறிவியல் பெயர், ஹவாய்ப் பெயர். அறிவியல் பெயரைச் சூட்டவும் திருத்தவும் உலகம் ஒப்புக்கொண்ட விதிகள் உண்டு. ஆங்கிலப் பெயர் சந்தைக்கும் சுற்றுலாவுக்கும் ஏற்றபடி வளைந்துகொடுக்கும். ஹவாய்ப் பெயரை எப்படிச் சரியாகப் போடுவது என்பதில்தான் வழக்கு. எழுத்துப் பிழையைத் திருத்தினால் போதும் என்பது ஒரு கட்சி. அந்தப் பெயர் எந்த மீனை, அதன் எந்தப் பருவத்தைக் குறிக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பது மறு கட்சி. இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

முதல் கட்சியின் வாதம் வலுவானது. ஹவாய் மொழியில் நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு இடுவார்கள், அது கஹக்கோ. தொண்டையில் ஒலியைச் சட்டென்று தடுத்து விடுவிப்பதைக் காட்டும் குறி ‘ஒக்கின. அது அலங்காரக் குறி அல்ல, ஒரு மெய்யெழுத்து. (இக்கட்டுரையில் ‘ என்ற குறி அதற்காகவே நிற்கிறது.) குறில் நெடில் பழகிய தமிழ்க் காதுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. குமு என்றால் ஆசிரியர்; கூமூ என்றால் சிவந்த நவரை மீன். அஹி நெருப்பு; ‘அஹி சூரை மீன். ஒனொ என்பது வஞ்சிரத்தின் உறவுக்கார மீனான வாஹூ. ‘ஒனொ என்றால் சுவையானது. குறிகளை உதிர்த்துவிட்டால் உணவுவிடுதிப் பட்டியலில் மீனும் பாராட்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் ஹவாய் மொழிச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் இந்தக் குறிகள் இல்லாமலே அச்சாயின; படித்தவர்கள் தடுமாறவில்லை. உண்மைதான். ஆனால் அவர்கள் அந்த மொழியிலேயே வளர்ந்தவர்கள். 1896இல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கிய பிறகு வீடுகளில் ஹவாய் மொழி தேய்ந்தது. 1978இல் அது மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாகி, 1980களில் குழந்தைகளுக்கான ஹவாய் வழிப் பள்ளிகள் திறந்தபோது, மொழியை ஏட்டிலிருந்து கற்கும் தலைமுறை ஒன்று உருவாகியிருந்தது. செவிவழி கிடைத்ததை இப்போது அச்சுதான் தரவேண்டியிருக்கிறது. மேரி கவேனா புகுயியும் சாமுவேல் எல்பர்ட்டும் 1957இல் வெளியிட்ட அகராதி நெடிலையும் ‘ஒக்கினவையும் முறையாகக் காட்டியதன் பெருமை இங்கேதான். ஆகவே குறிகள் வேண்டும். ஒரு வரம்பும் வேண்டும்: பழைய அச்சில் மட்டும் எஞ்சி, யார் வாயிலும் கேட்டறியப்படாத பெயருக்கு ஊகத்தின் பேரில் குறி போடுவது திருத்தம் ஆகாது. அது புதுப் பிழை.

எழுத்து சரியாகிவிட்டால் பெயர் சரியாகிவிடுமா? மடவை மீனைப் பாருங்கள். கையேட்டில் அதன் எதிரே ‘அம‘அம என்று ஒரே பெயர் இருக்கும், குறிகள் பிசகாமல். ஹவாய் மீனவர் வழக்கில் அது நடுத்தர அளவு மடவைக்கு மட்டும் உரிய பெயர். விரலளவுக் குஞ்சு புஅ, கையளவு வளர்ந்தது கஹஹ, ஓர் அடியைத் தாண்டியது ‘அனஎ. இந்தப் பகுப்பு சொல்லாடம்பரம் அல்ல. கடலோரத்தில் கல் அணை கட்டி அவர்கள் மீன் வளர்த்த குளங்களின் மதகில் மரச் சட்டங்களாலான ஒரு தடுப்பு உண்டு. அதன் இடுக்கு வழியே குஞ்சுகள் உள்ளே வரும், கொழுத்த பிறகு வெளியேற முடியாது. எதை வளரவிடுவது, எதைப் பிடிப்பது என்பது அளவைப் பொறுத்தது. பெயரும் அளவைப் பற்றிக்கொண்டது. பாரையிலும் இதே கதை: சிறியது பாப்பியொ, பெரியது உலுஅ.

கிளிமீன்களில் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. ஒரே இனத்தின் செந்நிறப் பெண்ணுக்குப் பாலுக்கலுக்க என்றும், நீலப்பச்சை ஆணுக்கு உஹு ‘எலெ‘எலெ என்றும் வெவ்வேறு பெயர். இந்த மீன்களில் பெண் பிற்பாடு ஆணாக மாறுவதுண்டு. கிளிமீன் இனங்கள் பலவற்றின் ஆணையும் பெண்ணையும் மேலை ஆய்வாளர்களே தனித்தனி இனங்களாக எழுதிவைத்துவிட்டு, பின்னர் ஒன்றுசேர்த்தார்கள். எனவே இருபெயர் வழக்கை அறியாமை என்று தள்ள அறிவியலுக்கு உரிமை இல்லை. இரண்டில் ஒன்றை மட்டும் அச்சிடும் பட்டியல்தான் கண்ணால் கண்டதைப் பாதி மறைக்கிறது.

எதிர்த்திசையிலும் பட்டியல் இடறுகிறது. மாநில மீன் ஹுமுஹுமு-நுக்குநுக்கு-ஆ-புஅ‘அ, 2006இல் அந்தத் தகுதியை நிரந்தரமாகப் பெற்ற கிளாத்தி. ஆனால் அந்தப் பெயர் அதன் நெருங்கிய உறவான இன்னொரு கிளாத்திக்கும் வழங்குகிறது. கீக்காக்கப்பு என்பது வண்ணத்துப்பூச்சி மீன்கள் பலவற்றுக்குப் பொது. ஒரு பெயருக்கு ஓர் இனம் என்று பிடிவாதம் பிடித்தால் ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறிக்க வேண்டிவரும். மாநில மீன் பெயருக்குப் “பன்றிபோல் உறுமும் மீன்” என்று சுற்றுலாக்காரருக்குச் சொல்லப்படும் விளக்கமும் தவறு. பெயர் பேசுவது பன்றியின் மூக்கை, உறுமலை அல்ல.

பட்டியலுக்கு ஆதரவான மிகச் சிறந்த வாதம் சட்டத்திலிருந்து வருகிறது. மடவை பிடிக்க டிசம்பர் முதல் மார்ச் வரை தடை. அது சினை மீன்களைக் காக்கும் தடை. மீன்வளத் துறை மக்களுக்குத் தரும் விதிப்பட்டியலில் அந்த மீன் ‘அம‘அம என்றே இருக்கிறது. மரபுப்படி கறாராக வாசித்தால் முட்டையிடும் பெரிய ‘அனஎ தடைக்கு வெளியே போய்விடும்! இனம் முழுவதற்கும் ஒரு பெயர் இருந்தால்தான் விதி செல்லும் என்பது நியாயமே. ஆனால் இந்த வாதம் எவ்வளவு தூரம் எட்டும்? ஒரு பருவப் பெயரைச் சட்டத்தின் தேவைக்காக இனப் பெயராக விரித்தார்கள் என்பதைத்தான் இது மெய்ப்பிக்கிறது. விரித்த பொருளை விதிப்பட்டியலில் ஏற்கலாம். மொழியின் சாட்சியாகக் கையேட்டில் நிறுத்த முடியாது.

மூன்றாவது சிக்கல் வந்தேறிப் பெயர்கள். 1950களில் பிரெஞ்சுப் பாலினீசியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் இன்றும் ரொஇ, ட‘அபெ என்று தாஹித்தியப் பெயர்களிலேயே வழங்குகின்றன, ஆனால் 1826இல் மிஷனரிகள் வாக்கெடுத்து நிலைநிறுத்திய ஹவாய் நெடுங்கணக்கில் ரகரமும் டகரமும் இல்லை. பெரிய கண்ணுடைய செந்நிற ‘ஊ‘ஊ மீனைத் தூண்டில்காரர்கள் ஜப்பானியச் சொல்லால் மென்பாச்சி என்கிறார்கள். ஹொனலூலு ஏலத்தில் விலைபோகும் ஒனாகாவும் ஜப்பானியச் சொல்லே. தூய்மை வேண்டி இவற்றை நீக்கினால் தீவின் வாய்மொழியையே நீக்கியதாகும். ஹவாய்ப் பெயர் என்று முத்திரை குத்தினாலும் பொய். எங்கிருந்து வந்த சொல் என்று குறித்து வைத்துக்கொள்வதே நேர்மை.

இந்த வகையில் மார்கரெட் டிட்கம் புகுயியின் துணையோடு 1952இல் வெளியிட்ட நூல் இன்றும் முன்மாதிரி. அது ஹவாய்ப் பெயரைத் தலைப்பாக வைத்து, அதன் கீழ் மீனைத் தேடுகிறது. பின்வந்த கையேடுகள் இனத்தைத் தலைப்பாக்கி, ஹவாய்ப் பெயரை வாலில் கட்டின. முக்குளிப்பவருக்கு இரண்டாவது முறை வசதி. மீனை அடையாளம் காண அதுவே விரைவானது. பெயரை அறிய விரும்புபவருக்கு முதல் முறையே வழி.

தீர்ப்பு இது. குறிகள் கட்டாயம், அது குறைந்தபட்சத் தகுதி. ஆனால் ‘ஒக்கின பிசகாத பெயரை ஓர் அடி நீள மடவையின் படத்துக்குக் கீழே போட்டு, அது ‘அம‘அம என்று சொல்லும் புத்தகம், குறியே இல்லாமல் அதை அனஎ என்று எழுதிய பழைய செய்தித்தாளைவிடப் பிழையானது. ஒன்றுக்கு ஒன்று என்ற பட்டியலைக் கைவிட வேண்டும். பருவப் பெயர்களை அளவோடும், ஆண் பெண் பெயர்களை நிறத்தோடும் தர வேண்டும். பொதுப் பெயரைப் பொது என்றே விட வேண்டும். பெயர் கிடைக்காத மீனுக்கு அந்தக் கட்டத்தை வெறுமையாக விடத் துணிய வேண்டும். பக்கம் கூடும், வாசகர் சற்றுத் திணறுவார். ஒரு மொழி தன் கடலை எப்படிப் பகுத்தது என்பதைக் காட்ட அந்த விலை அதிகமில்லை.