கட்டங்களும் கட்டளைகளும்

பன்னிரண்டு கட்டங்கள், அவற்றுள் சில எழுத்துகள். இவ்வளவுதான் சாதகம்! ஆயினும், எத்தனை திருமணங்களை அது தடுத்தது. எத்தனை மங்கையரைத் 'தோஷக்காரி' எனத் தூற்றியது! 217 அடிக் கோபுரம் ஓங்கி நிற்கும் திருவண்ணாமலையில் ஆசிரியப் பணியாற்றும் நாம், கட்டங்களுக்கு அஞ்சும் பெற்றோரைக் கண்டுகொண்டே இருக்கிறோம்.

அதே கட்டங்களைத் திரைச்சீலையில் வண்ணங்களோடு தீட்டினார் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர். 1957 முதல் 1967 வரை சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராயிருந்தவர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் சிற்றூரை உருவாக்கியவர். 1963இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையில் கணக்குக் குறிகள், சாதகக் கட்டங்கள், மலையாள எழுத்தை ஒத்த வரிகள் அனைத்தும் நெருங்கி நிற்கின்றன. ஆனால், படிக்க முயன்றால் ஒரு சொல்லும் பிடிபடாது.

"பொருளற்ற கிறுக்கல்" என்பர் சிலர். "மந்திரச் சக்கரம்" என்று கைகூப்புவர் வேறு சிலர். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. இங்கே கட்டம் எவருடைய விதியையும் உரைக்கவில்லை. கோடாகவும் வண்ணமாகவும் அழகாகவும் மட்டுமே நிற்கிறது. ஆளும் அதிகாரம் அதனிடமிருந்து அகன்றுவிட்டது. அதுவே அதன் பொருள்!

பகுத்தறிவுப் பரப்புரை பணிக்கரின் நோக்கமன்று. மரபின் வடிவங்களையே அவர் தேடினார். எனினும், அவர் தூரிகை நமக்கோர் உண்மையைக் காட்டுகிறது: குறிக்குப் பொருள் தந்தவன் மனிதன். தந்தவன் அதனைத் திரும்பப் பெறவும் வல்லவன். தான் வரைந்த கோட்டுக்குத் தானே அஞ்சுவது அறிவுடைமையாகுமா?