பத்து லிட்டர் பெட்டிக்குள் ஒரு கணவாய்

"எத்தனை லிட்டர்?" சின்ன டெஸ்க்டாப் கட்டுகிறவர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் கேட்பது இதைத்தான். கேபினெட்டைக் கொள்ளளவில்தான் பேசுவார்கள். மேசைக்கு அடியில் நிற்கிற வழக்கமான கேபினெட் நாற்பது லிட்டருக்கு மேல் போகும். ஃபிராக்டல் நிறுவனத்தின் டெர்ரா 10.4 லிட்டர். ஜெர்மனிக்காரர் ஒருவர் வடிவமைத்து, ஆர்வலர்களிடமே பணம் திரட்டிக் கொண்டுவந்த டான் ஏ4 வெறும் 7.2 லிட்டர். அதற்குள்ளும் ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டு முழுசாக உட்காரும். உள்ளே காற்று போகும் வழியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக யோசித்திருக்கிறார்கள். என்னைக் கட்டிப்போடுவது அந்த யோசனைதான்.

தேனியிலும் கம்பத்திலும் கேம் ஆடும் பிள்ளைகளுக்கும், கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டுடியோக்காரர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு: கையில் இருக்கிற காசுக்கு கேமிங் லேப்டாப்பா, சின்ன சிஸ்டமா? வேலை ஒரே மேசையில்தான் நடக்கும் என்றால் யோசிக்கவே வேண்டாம், சின்ன சிஸ்டம்தான். விலை ஒரு காரணம். பெரிய காரணம் சூடு.

முதலில் பெயரைப் பார்த்து முடிவெடுப்பதை விட வேண்டும். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4090 என்று லேப்டாப், டெஸ்க்டாப் இரண்டு பெட்டியிலும் எழுதியிருக்கும். டெஸ்க்டாப் கார்டு 450 வாட் இழுக்கும், 24 ஜிபி நினைவகம். லேப்டாப்பில் இருப்பது அதிகபட்சம் 175 வாட், 16 ஜிபி. சிப்பே வேறு, டெஸ்க்டாப்பில் 4080 என்ற பெயரில் விற்ற சிப்தான் லேப்டாப்பில் 4090 ஆகியிருக்கிறது. நடுத்தரமான 4060-இல் இந்த இடைவெளி குறைவு. டெஸ்க்டாப்பில் 115 வாட். லேப்டாப்பில் 35 முதல் 115 வரை, எவ்வளவு கொடுப்பது என்பது தயாரிப்பாளர் இஷ்டம். 115 கொடுத்திருந்தால் நல்ல லேப்டாப்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் நிற்கும்போது மாடல் பெயரோடு "எத்தனை வாட்?" என்றும் கேட்டுவிட வேண்டும்.

இழுக்கிற கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அறையின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய அந்தப் பத்து டிகிரி ஏறும். வீடியோவில் லேப்டாப்பை மெச்சுகிறவர் பெரும்பாலும் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பார். சித்திரை மாதம் தேனியில், ஃபேன் மட்டும் ஓடுகிற மாடி அறையில், அதே லேப்டாப் நூறு டிகிரியைத் தொட்டுவிட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனவர் திரும்பி வந்து பார்த்தால் பாதிகூட நகர்ந்திருக்காது.

காற்றின் கணக்கு இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அந்தப் பக்கத்துக் காற்று கம்பம் கணவாய் வழியாகப் பிதுங்கி வந்து ஆண்டிபட்டி வரைக்கும் காற்றாலைகளைச் சுற்றிவிடுகிறது. வர ஒரு வாய், போக ஒரு வாய், நடுவில் நெருக்கம்: நல்ல சின்ன கேபினெட்டும் இப்படித்தான்.

உள்ளே பார்த்தால் இது புரியும். மதர்போர்டு மினி ஐடிஎக்ஸ், 17 செ.மீ. சதுரம். கிராபிக்ஸ் கார்டு வழக்கம்போல போர்டின் மேல் செங்குத்தாக நிற்காது. நடுவில் ஒரு உலோகத் தட்டு. இந்தப் பக்கம் போர்டு, அந்தப் பக்கம் கார்டு, முதுகோடு முதுகு. இரண்டையும் பட்டையான ரைசர் கேபிள் ஒன்று வளைந்து போய் இணைக்கும். போர்டு தன் பக்கத்துச் சல்லடையிலிருந்து மூச்சு வாங்கும், கார்டு தன் பக்கத்திலிருந்து. ஒன்றின் சூடு மற்றதன் மேல் படாது. டெர்ராவில் அந்த நடுத்தட்டையே நகர்த்தலாம்: கார்டு தடிமனாக இருந்தால் அதற்கு இடம் விட்டு, ஹீட்சிங்க் உயரமாக இருந்தால் இந்தப் பக்கம் தள்ளி.

ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 37 மி.மீ. உயரத்தில் ஒரு ஹீட்சிங்க் செய்கிறது, அதன் ஃபேனையும் சேர்த்தே அந்த உயரம். அதற்கென்று தனியாக மெத்தென்ற நுரைச் சட்டங்களும் விற்கிறார்கள். ஃபேனுக்கும் பக்கவாட்டுச் சல்லடைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைப்பதுதான் அவற்றின் வேலை. அடைக்காவிட்டால் ஃபேன் பெட்டிக்குள் ஏற்கெனவே சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். அடைத்தால் வெளிக்காற்று மட்டும் வரும். ஒரு நுரைத்துண்டு, அவ்வளவுதான். சிப்பின் சூடு கண்ணெதிரே சில டிகிரி இறங்கும். இந்த மாதிரி சின்னச் சின்ன புத்திசாலித்தனத்துக்காகவே இந்தக் கலையை எனக்குப் பிடிக்கும்.

அசெம்பிள் செய்கிறவரின் கைநேர்த்தி ஒயர்களில் தெரியும். எஸ்எம்பிஎஸ்-இலிருந்து வரும் கேபிள் ஒன்று ஃபேனுக்கு முன்னால் குறுக்கே போனாலும் காற்று தடுமாறும், சத்தம் எழும். தேர்ந்தவர் முதலில் கேபிளைப் படியவைப்பார், பிறகுதான் கார்டைச் சொருகுவார். மூடி, அரை மணி நேரம் முழு லோடில் ஓடவிட்டு, மேல் சல்லடைமீது உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். காற்று சுடச்சுட வந்தால் அவர் முகத்தில் நிம்மதி தெரியும். சூடு உள்ளே தங்கவில்லை.

ஆடிக்காற்று கிளப்புகிற புழுதியையும் கணக்கில் வைக்க வேண்டும். சின்ன கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கையால் இழுத்துக் கழற்றி, புளோயரால் ஊதி, ஐந்து நிமிடத்தில் மூடிவிடலாம். லேப்டாப்பில் அடிமூடி முழுக்கத் திருகு, அதன்பின் ஓரமெல்லாம் பிளாஸ்டிக் கொக்கி. சின்ன சிஸ்டத்தில் ஃபேன் போனால் பொது அளவில் இன்னொன்று வாங்கி மாட்டலாம். லேப்டாப் ஃபேன் அந்த மாடலுக்கென்றே தேடி வரவழைக்க வேண்டும். கார்டு பழுதானால் கார்டை மட்டும் கழற்றி மதுரைக்கு எடுத்துப் போனால் போதும், சிஸ்டம் மேசையிலேயே இருக்கும்.

லேப்டாப்பிலும் கலை இருக்கிறது. 2017-இல் அசூஸ் கொண்டுவந்த ஸெஃபிரஸ் ஏறக்குறைய 18 மி.மீ. தடிமன்தான். மூடியைத் திறந்தால் அடித்தகடு மெல்ல விலகிக் காற்றுக்கு ஒரு சந்து விடும். முதல்முறை பார்த்தபோது சொக்கிப் போனேன். கோவையில் ஹாஸ்டலில் படிக்கும் பிள்ளைக்கும், சின்னமனூர் மண்டபத்தில் முகூர்த்தத்தை எடுத்து மாலை ரிசப்ஷன் திரையில் அன்றே ஓட்டுகிற எடிட்டருக்கும் லேப்டாப்தான் பொருத்தம். அவர்களிடம் பெட்டியைத் தூக்கச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் "கரண்ட் போனாலும் லேப்டாப் ஓடுமே" என்பதைக் கேமிங் லேப்டாப்புக்குச் சொல்ல முடியாது. விமானத்தில் 100 வாட்-அவருக்கு மேல் பேட்டரியைச் சாதாரணமாக அனுமதிப்பதில்லை. அதனால் பெரிய லேப்டாப்களும் 99-இல் நிறுத்திக்கொள்கின்றன. இருநூறு வாட் இழுக்கிற வேலைக்கு அது அரை மணி நேரம். அதைக்கூட லேப்டாப் முழுசாகத் தராது, சார்ஜரைப் பிடுங்கியதுமே கார்டின் வாட்டைக் குறைத்துவிடும். 4060 போட்ட சின்ன சிஸ்டமோ மானிட்டரோடு சேர்த்தே முந்நூறு வாட்டுக்குள் அடங்கும். ஒரு நல்ல யுபிஎஸ் வைத்தால் ஃபைலை சேவ் செய்து நிறுத்த நேரம் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுவதானால், அதில் யுபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போட்டுவைத்தால் கரண்ட் மாறுகிற நொடியில் சிஸ்டம் அணையாது.

மினி ஐடிஎக்ஸின் அந்த 17 செ.மீ. சதுரத்தை வியா நிறுவனம் 2001-இல் வரையறுத்தது. இன்று வரும் போர்டும் அதே அளவுதான், திருகுத் துளைகளும் மாறவில்லை. இப்போது வாங்குகிற பெட்டிக்குள் அடுத்த போர்டும் அதற்கடுத்த போர்டும் ஏறும். கார்டு மட்டும் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போகிறது. பெட்டி வாங்கும்போது எத்தனை மில்லிமீட்டர் நீளக் கார்டு கொள்ளும் என்று பார்த்து, சற்றுக் கூடுதலாகவே எடுத்துவிடுங்கள்.