“ஆன்லைன்ல இருந்தியே!”

தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். உடனடிச் செய்தி நெறிமுறைகளைப் பற்றிய பாடத்தில் ‘பிரசன்ஸ்’ என்றொரு சொல் வரும். ஒருவர் இப்போது இணைப்பில் இருக்கிறாரா என்பதை மற்றவருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு அது. நான் அதை விளக்கி முடித்ததும், பாபநாசம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: “இதை யாருக்காக மேம் கண்டுபிடிச்சாங்க? எங்க அண்ணனுக்காகவா?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டிய ஒரு புரோகிராமை இரவு 11 மணிக்குத் தோழியிடம் கேட்டிருக்கிறாள். காலையில் அண்ணன், “ராத்திரி அவ்வளவு நேரம் ஆன்லைன்ல இருந்தியே, யார்கிட்ட பேசின?” என்றிருக்கிறான். அவள் ‘லாஸ்ட் சீன்’, ‘ஆன்லைன்’ இரண்டையும் மறைத்துவிட்டாள். மறுநாள் கேள்வி மாறியது: “மறைக்கிற அளவுக்கு என்ன இருக்கு?” மூன்றாம் நாள் போன் அம்மாவின் பீரோவுக்குள் போய்விட்டது.

அன்று அவளுக்குப் பதில் சொல்லாமல் பாடத்தைத் தொடர்ந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

1999இல் ஜெரமி மில்லர் அறிவித்த ‘ஜாபர்’ திட்டம்தான் பிறகு எக்ஸ்.எம்.பி.பி. என்ற பொது நெறிமுறையானது. 2004 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 3920, 3921 என்ற ஆவணங்களாக வெளியானது. நீங்கள் சம்மதிக்காமல் உங்கள் இருப்பை யாரும் பார்க்க முடியாது என்பது அதன் அடிப்படை விதி. இருவருக்கு இடையில் அது நான்கு உறவு நிலைகளை வைத்தது: யாரும் யாரையும் பார்ப்பதில்லை, நான் மட்டும் உன்னைப் பார்க்கிறேன், நீ மட்டும் என்னைப் பார்க்கிறாய், இருவரும் பார்க்கிறோம். பார்ப்பது ஓர் அனுமதி, பார்க்கப்படுவது வேறோர் அனுமதி. இந்தப் பிரிவினையைப் பெண்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்த மூல விதியில் ‘வெளியே போயிருக்கிறேன்’, ‘தொந்தரவு செய்யாதே’ போன்ற நிலைகள் இருந்தன. ‘கண்ணுக்குத் தெரியாத நிலை’ இல்லை. அது பின்னால் தனி விரிவாக்கமாக வந்தது. எக்ஸ்.இ.பி. 0186 என்ற விரிவாக்கத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. அதை அனுப்பினால், நீங்கள் போய்விட்டதாகச் சர்வர் மற்றவர்களிடம் சொல்லும். அவர்களுடைய இருப்பு உங்களுக்கு வந்துகொண்டிருக்கும். விரும்பிய சர்வர் இதைச் சேர்த்துக்கொள்ளலாம், விரும்பாதது விட்டுவிடலாம். மறைந்திருக்கும் உரிமை வீடு கட்டி முடித்தபின் போட்ட சாய்ப்பாக ஒட்டிக்கொண்டது.

2007இல் வந்த ஆர்.எஃப்.சி. 5025 இன்னும் நுட்பமாக யோசித்தது. உங்கள் இருப்பைப் பார்க்கக் கேட்பவரைத் தடுப்பது, நிறுத்திவைப்பது, அனுமதிப்பது ஆகியவற்றோடு ‘மரியாதையாகத் தடுப்பது’ என்றும் ஒரு வழியை அது வைத்தது. தடுக்கப்பட்டவருக்குத் தடுக்கப்பட்டது தெரியாது. நீங்கள் இணைப்பில் இல்லை என்று மட்டும் தெரியும். மறுப்பு வெளியே தெரிந்தால் அதற்கு விலை உண்டு என்பதைப் பொறியாளர்கள் அறிந்தே இருந்தார்கள்.

2009இல் தொடங்கிய வாட்ஸ்அப், எக்ஸ்.எம்.பி.பி. பேசும் ‘ஈஜாபர்டி’ சர்வரை எடுத்து மாற்றிக்கொண்டு வளர்ந்தது. ஆனால் பார்ப்பதையும் பார்க்கப்படுவதையும் பிரித்த அந்தப் பிரிவினையை அது நம் கைக்குத் தரவில்லை. நீ மறைத்தால் உனக்கும் தெரியாது என்பது அதன் விதி. 2014 நவம்பரில் நீல டிக் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் அணைக்கும் வசதியும் வந்தது. அணைத்தால் மற்றவரின் நீல டிக்கும் நமக்குத் தெரியாது. ‘ஆன்லைன்’ என்ற சொல்லை மறைக்கும் வசதியை 2022 ஆகஸ்டில்தான் அறிவித்தார்கள்.

கொடுத்தால் வாங்கலாம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என் மாணவியும் அவள் அண்ணனும் சமமானவர்களாக இருந்தால் அது நியாயம்தான். அண்ணன் எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தான் என்று அவள் கேட்க முடியாத வீட்டில், பரஸ்பரம் என்பது ஒருவழி ஜன்னல். இதைத் தொழில்நுட்பத்தின் கட்டாயம் என்று சொல்லவும் வழியில்லை. 2004இன் நெறிமுறையிலேயே வேறு வழி இருந்தது.

குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் மறைக்கும் வசதியும் 2022இல் வந்தது. அண்ணனுக்கு மட்டும் மறைக்கலாம். அவன் சித்தப்பா மகனின் போனில் பார்ப்பான். எல்லாவற்றையும் அணைத்தாலும் இரண்டாவது சாம்பல் டிக் போன் உயிரோடு இருப்பதைச் சொல்லிவிடும். குழுக்களிலோ நீல டிக்கை அணைக்கவே முடியாது. எங்கள் தெருவில் நடவுக்கு ஆள் சேர்க்கும் அக்கா விடியலுக்கு முன் குழுவில் செய்தி போடுவார். காய்ச்சலில் கிடக்கும் பெண் அதைப் பார்த்துவிட்டு வராமல் இருந்தால், “பாத்துட்டுத்தானே படுத்திருக்க” என்ற பேச்சு அடுத்த நாள் வயலில் காத்திருக்கும்.

இத்தனை பொத்தான்கள் இருந்தும் சிக்கல் தீராததற்குக் காரணம், மறைப்பதைத் தனியொரு பெண்ணின் செயலாக வைத்திருப்பதுதான். செயலி நம் கைக்கு வரும்போதே எல்லாவற்றையும் காட்டும் நிலையில் வருகிறது. மறைப்பவள் தனியாகத் தெரிகிறாள். அவளுக்குக் கிடைத்த உரிமையே அவள்மேல் குற்றச்சாட்டாகிறது.

கும்பகோணம் பக்கத்தில் என் பாட்டி வீடு திண்ணை, ரேழி, கூடம் என்று நீண்டு கொல்லையில் முடியும். பாட்டி கொல்லை வழியாகப் படித்துறைக்குப் போவார், பக்கத்து வீட்டு ஆச்சியிடம் பேசுவார், திரும்புவார். ஏன் அந்த வழி என்று யாரும் கேட்டதில்லை. தெருவில் எல்லா வீட்டுக்கும் கொல்லை வாசல் இருந்தது. அவர் ஒருவருக்காக மட்டும் அதைத் திறந்திருந்தால் கேட்டிருப்பார்கள். அதே கொல்லை வழியாக மட்டுமே வரலாம் என்று சாதி சில பெண்களை நிறுத்தியிருந்ததையும் சொல்லாமல் இருக்க முடியாது. நாமே எடுத்துக்கொள்ளும் மறைவும் நம்மேல் திணிக்கப்படும் மறைவும் ஒன்றல்ல.

ஆகவே நான் கேட்பது இன்னொரு பொத்தான் அல்ல. தொடக்க நிலையிலேயே எல்லோருக்கும் எல்லாம் மறைந்திருக்கட்டும். காட்ட விரும்புகிறவர் விரும்பியவருக்குக் காட்டட்டும். புதிய பஸ் ஸ்டாண்டில் நிற்கும் மகள் அம்மாவுக்கு மட்டும் திறந்து வைக்கலாம்; “பஸ் ஏறிட்டேன்” என்று ஒரு வரி போட்டாலும் போதும்.

போனையே பிடுங்கிக்கொள்ளும் வீட்டில் இதனால் என்ன பயன் என்று ஒரு தோழி கேட்டார். போனைப் பிடுங்க ஒருவன் எதிரில் வந்து நிற்க வேண்டும். அம்மா பார்ப்பார், இவள் எதிர்த்துப் பேசவாவது முடியும். திரையில் ‘ஆன்லைன்’ பார்க்க ஒரு விரல் போதும். அந்த மலிவான முதல் பார்வையிலிருந்துதான் வேவு தொடங்குகிறது. அதை நிறுத்த வடிவமைப்பால் முடியும்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரு செயலியின் தொடக்க அமைப்பு.

உன் அண்ணனுக்காக யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை, பெண்ணே. கண்டுபிடித்தபோது உன் அண்ணனை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இந்தப் பருவத்திலிருந்து லேப் பயிற்சியில் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறேன்: ‘பார்ப்பவர் அதே வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு இருப்புநிலை அமைப்பை வடிவமைக்கவும்.’